பியூர் டேட்டாவில் சத்தம் நின்றுபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் கூடி, பியூர் டேட்டா என்ற மென்பொருளில், கணினித் திரையில் பெட்டி வரைந்து கம்பி இழுத்து ஒலி உண்டாக்குகிறோம். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். கானா பாடுபவர், பாட்டு டீச்சர், மைக் செட் வாடகைக்கு விடுபவர் ஆகியோரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரே பதிலைப் பத்தாவது முறை சொன்னபோது, இனி எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

திரையில் வரையும் ஒவ்வொரு வேலைப் பெட்டியும் ஓர் ஆப்ஜெக்ட். அதன் மேல்விளிம்பில் கம்பி வந்து சேரும் வாய் இன்லெட், கீழ்விளிம்பில் கம்பி புறப்படும் வாய் அவுட்லெட். இப்படி இணைத்த பெட்டிகள் எல்லாம் சேர்ந்தது பேட்ச். ஆப்ஜெக்ட்களின் பெயர்களை நாங்கள் உச்சரிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். மென்பொருளில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பெயரின் இறுதியில் ~ என்ற குறி, அதாவது டில்டா, இருந்தால் அந்த ஆப்ஜெக்ட் ஒலியலையைக் கையாளுகிறது என்று பொருள். இல்லையென்றால் அது எண்களையும் செய்திகளையும் மட்டுமே கையாளும்.

கே: பியூர் டேட்டா என்பது என்ன? மேக்ஸ் என்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ப: இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. 1980களின் நடுவில் பாரீஸில் உள்ள இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் மேக்ஸை எழுதினார். கணினி இசையின் முன்னோடியான மேக்ஸ் மேத்யூஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு 1990களில் அவரே பியூர் டேட்டாவை எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார். மேக்ஸ் இன்று விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். எங்கள் அறையில் இருப்பவை பெரும்பாலும் கைமாறி வந்த மடிக்கணினிகளும் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினிகள் இரண்டும்தான் என்பதால் நாங்கள் பியூர் டேட்டாவோடு நின்றுகொண்டோம். மேக்ஸில் செய்த பேட்ச் இதில் நேரடியாகத் திறக்காது. பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைய வேண்டும். அப்படி வரையும்போது ஒரு பெரிய குழி காத்திருக்கிறது. அது கீழே வரிசை பற்றிய கேள்வியில் வருகிறது.

கே: எல்லாவற்றையும் சரியாக இணைத்திருக்கிறேன், ஆனால் சத்தமே வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ப: கடைசியிலிருந்து தொடங்குங்கள். பேட்சைத் தொடுவதற்கு முன், மீடியா மெனுவில் உள்ள ஒலிச் சோதனைப் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள சோதனை ஒலியை 60 டெசிபலில் போட்டுப் பாருங்கள். அது கேட்கவில்லையென்றால் குற்றம் உங்கள் பேட்சில் இல்லை: ஆடியோ செட்டிங்கில் தவறான கருவி தேர்வாகியிருக்கலாம், ஒலி இடைமுகத்தின் ஒயர் கழன்றிருக்கலாம், ஹெட்ஃபோன் ஜாக் பாதிதான் உள்ளே போயிருக்கலாம். சோதனை ஒலி கேட்டு, உங்கள் பேட்ச் மட்டும் ஊமையாக இருந்தால், முதன்மைச் சாளரத்தில், ஒலிக் கணக்கைத் தொடங்கிவைக்கும் டிஎஸ்பி என்ற கட்டம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது; ஆனால் எங்கள் அறையில் ஊமைப் பேட்ச்களில் பாதி இந்த ஒரு சொடுக்கில் பேசத் தொடங்கியிருக்கின்றன.

அதற்குப் பிறகும் மௌனம் என்றால், கம்பியைப் பின்தொடர வேண்டியதுதான். என்வ்~ என்ற ஆப்ஜெக்ட் தன்னிடம் வரும் ஒலியின் அளவை டெசிபலில் எண்ணாகத் தரும். பியூர் டேட்டாவின் கணக்கில் 100 என்பது முழு அளவு, 0 என்பது மௌனம். சங்கிலியின் நடுவில் ஒரு என்வ்~ பொருத்தி, அதன் கீழ் ஒரு எண் பெட்டி வைத்துப் பாருங்கள். எண் அசைந்தால் பழுது அதற்குக் கீழே இருக்கிறது, 0 என்று நின்றால் மேலே இருக்கிறது. பாதி, அதில் பாதி என்று பிரித்துக்கொண்டே போனால், முப்பது ஆப்ஜெக்ட் உள்ள பேட்சில்கூட ஐந்தாவது சோதனைக்குள் இடம் தெரிந்துவிடும். குழாயில் தண்ணீர் வராதபோது தெருமுனை வால்விலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுபோலத்தான்.

இப்படித் தேடிப் போகும்போது மிக அதிகமாக அகப்படும் குற்றவாளி *~ என்ற பெருக்கல் ஆப்ஜெக்ட். அதனுள் எண் எதையும் எழுதாமல் விட்டு, வலது இன்லெட்டிலும் எதையும் இணைக்காவிட்டால், அது வருவதையெல்லாம் பூஜ்யத்தால் பெருக்கும். ஒலி அங்கேயே மடிந்துவிடும். மாறாக *~ 0.1 என்று எண்ணோடு எழுதினால், வலது இன்லெட் எண்ணை மட்டும் ஏற்கும் இன்லெட்டாக மாறிவிடுகிறது. அங்கே லைன்~ போன்ற ஒலிக் கம்பியை இழுக்க முயன்றால் பிழைச்செய்தி வரும். ஒலியளவை வேறொரு அலையால் இயக்கப்போகிறீர்கள் என்றால் எண் எழுதாதீர்கள். நிலையான அளவு போதும் என்றால் மறக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்லைடர் இயல்பாக 0 முதல் 127 வரை எண்களைத் தரும். அதை 127ஆல் வகுக்காமல் நேரே *~ மீது இணைத்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்லைடரைத் தள்ளுபவரின் காது தப்பாது. பேட்ச் சரியாகும் வரை ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதே நல்லது.

கே: நண்பர் வரைந்த பேட்சைப் பார்த்து அப்படியே வரைந்தேன். அவருடையது வேலை செய்கிறது; என்னுடையது தவறான எண்ணைத் தருகிறது. இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே?

ப: படத்தில் இல்லைதான். ஒரு அவுட்லெட்டிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டால், அவற்றில் எது முதலில் இயங்கும் என்பதை நீங்கள் அவற்றை எந்த வரிசையில் இழுத்தீர்கள் என்பதே பியூர் டேட்டாவில் தீர்மானிக்கிறது. அந்த வரிசை கோப்புக்குள் இணைப்பு வரிகளாகப் பதிவாகியிருக்கும். திரையில் அதற்கு ஓர் அடையாளமும் கிடையாது.

சிறிய சோதனை ஒன்று செய்து பாருங்கள். ஒரு எண் பெட்டியை + ஆப்ஜெக்டின் இரண்டு இன்லெட்களிலும் இணையுங்கள். முதலில் இடப்பக்கத்தை, பிறகு வலப்பக்கத்தை. 2 என்று தந்துவிட்டு அடுத்து 3 என்று தாருங்கள். 6 வர வேண்டும், வருவது 5. இடது இன்லெட் சூடானது என்பார்கள்: அதில் எண் விழுந்ததும் கணக்கு உடனே நடந்துவிடும். வலது இன்லெட் குளிர்ந்தது. வந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இடப்பக்கம் முதலில் 3 வந்ததும், வலப்பக்கம் கிடந்த பழைய 2 உடன் கூட்டி 5 என்று அனுப்பிவிட்டது. புதிய 3 வலப்பக்கம் வந்து சேர்வதற்குள் விடை போய்விட்டது. இரண்டு கம்பிகளையும் அழித்துவிட்டு வலப்பக்கத்தை முதலில் இழுத்தால் 6 வரும். படமோ முன்பு இருந்ததுபோலவே இருக்கும்.

இசையில் இது எப்படித் தெரியும் என்பதற்கு எங்கள் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். டோலக் அடிகளின் எண்ணையும் பலத்தையும் பேக் என்ற ஆப்ஜெக்ட் வழியாகச் சேர்த்து அனுப்பும் பேட்ச் ஒன்றை ஒரு தம்பி செய்திருந்தார். ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகவும், அடுத்த அடி ஓங்கியும் விழுந்தன. ஒவ்வொரு பலமும் ஓரடி பிந்தி வந்துகொண்டிருந்தது. தாளத்தில்தான் பிழை என்று ஒரு மாலை முழுவதும், சீரான இடைவெளியில் தட்டும் மெட்ரோ ஆப்ஜெக்டைத் திருகிக்கொண்டிருந்தோம். பேக்கின் இடது இன்லெட்டுக்கு எண் முதலில் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு ட்ரிகர் என்ற ஆப்ஜெக்ட். அதன் அவுட்லெட்கள் எப்போதும் வலமிருந்து இடமாகவே இயங்கும். எந்தக் கம்பியை எப்போது இழுத்தாலும் அது மாறாது. ஒரு அவுட்லெட்டிலிருந்து இரண்டு செய்திக் கம்பிகள் புறப்படும் இடத்திலெல்லாம் நடுவில் ஒரு ட்ரிகர் வையுங்கள் என்பதை நான் விதியாகவே சொல்கிறேன். வரிசை முக்கியமில்லாத இடமும் உண்டே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் பேட்சைத் திறக்கும்போது அது எந்த இடம் என்று நினைவிருக்காது.

மேக்ஸிலிருந்து வருபவர்கள் விழும் குழி இதுதான். மேக்ஸில் திரையில் எது வலப்பக்கம் இருக்கிறதோ அது முதலில் இயங்கும். அங்கே பெட்டியை நகர்த்தினால் வரிசை மாறும். இங்கே பெட்டியை எங்கே நகர்த்தினாலும் மாறாது, கம்பியை அழித்து மீண்டும் இழுத்தால் மாறும்.

கே: ஒலியளவை மாற்றும்போதெல்லாம் டக், டக் என்று கேட்கிறது.

ப: அலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அளவு ஒரே தாவலில் மாறினால், அந்தப் படிக்கட்டு விளிம்புதான் டக் என்று கேட்கும். எண்ணை நேரே அனுப்பாமல் லைன்~ வழியாக, 20 மில்லிநொடியில் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். தாள அடிகளுக்கு லைன்~ போதாது. கணினி ஒலியலையின் அளவை நொடிக்குப் பல ஆயிரம் முறை எண்ணாகக் குறிக்கிறது; அந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு மாதிரி, நொடிக்கு எத்தனை என்பது மாதிரி வீதம். பியூர் டேட்டா ஒலியை 64 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது, லைன்~ ஒவ்வொரு கட்டின் தொடக்கத்தில்தான் புறப்படும். 44,100 ஹெர்ட்ஸில் ஒரு கட்டு 1.45 மில்லிநொடி. மெதுவான தாளத்தில் அந்தப் பிசகு தெரியாது. வேகமான உருட்டலில் அடிகள் சற்று உளறும். அங்கே விலைன்~ பயன்படுத்தினால், கட்டுக்கு நடுவிலும் சரியான இடத்தில் புறப்படும்.

கே: கரகரவென்று கேட்கிறது. ஒலியளவைக் குறைத்தாலும் போகவில்லை.

ப: குறைத்தால் போகும் கரகரப்பு வேறு, போகாதது வேறு. ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் டேக்~ ஆப்ஜெக்டுக்குப் போகும் அலை 1க்கும் −1க்கும் வெளியே சென்றால் உச்சி வெட்டுப்படும்; அலையை உண்டாக்கும் ஆஸ்க்~ ஐந்து, ஒவ்வொன்றும் முழு அளவில் கூடினால் 5 வரை போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது குறைத்தால் போய்விடும். போகாதது, கணினி நேரத்துக்குக் கணக்கை முடிக்க முடியாமல் ஒலியில் ஓட்டை விழுவது. ஆடியோ செட்டிங்கில் டிலே எண்ணைக் கூட்டிப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

டிலேயைக் கூட்டிக்கொண்டே போனால் கைக்கும் காதுக்கும் இடைவெளி விழும் என்பதால், சுமையைக் குறைப்பதே நிலையான வழி. ஒரு பேட்ச் ஒரே செயலி மையத்தில்தான் ஓடும். மற்ற மூன்று மையங்கள் சும்மா இருந்தாலும் இதற்கு உதவாது. ஒலிக்காத பகுதிகளைத் துணைப் பேட்சுக்குள் போட்டு சுவிட்ச்~ கொண்டு அணைத்துவையுங்கள். திரையில் ஆடும் மீட்டர்களையும் வரைந்துகொண்டே இருக்கும் அலைப்படங்களையும் நீக்குங்கள். ராஸ்பெரி பையில் ஓடிய எங்கள் பேட்ச் ஒன்றில், ஒலிப் பகுதியை நாள் முழுக்கச் சுருக்கியும் தீராத கரகரப்பு, நொடிக்கு நூறு முறை புதுப்பித்துக்கொண்டிருந்த எட்டு எண் பெட்டிகளை எடுத்ததும் நின்றது.

கே: பாட்டை அலைபேசியில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினார்கள். பேட்சில் ஏற்ற முடியவில்லை. மாற்றி ஏற்றினால் சுருதி ஏறிவிடுகிறது.

ப: இது இரண்டு தனித்தனிச் சிக்கல். ஒலிக் கோப்பை ஏற்றும் சவுண்ட்ஃபைலர் ஆப்ஜெக்ட், வேவ், ஏஐஎஃப்எஃப் போன்ற சுருக்கப்படாத கோப்புகளைத்தான் படிக்கும். எம்பி3யும் வாய்ஸ் நோட்டும் ஆடாசிட்டி போன்ற ஒன்றில் வேவாக மாற்றப்பட்ட பிறகே உள்ளே வரும். கோப்பின் பெயரில் இடைவெளி வேண்டாம். மெசேஜ் பெட்டி அதை இரண்டு சொல்லாகப் படித்துவிடும்.

சுருதி ஏறுவதற்குக் காரணம் மாதிரி வீதம். சவுண்ட்ஃபைலர் மாதிரிகளை உள்ளபடி ஏற்றுமே தவிர, உங்கள் அமைப்புக்கு ஏற்ப மாற்றித் தராது. 44,100 ஹெர்ட்ஸில் பதிவானதை 48,000இல் ஓட்டினால் சுமார் 9 விழுக்காடு வேகமாக ஓடும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். நான்கு கட்டையில் பாடியவர் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில், எந்த ஆர்மோனியக் கட்டையிலும் அடங்காத இடத்தில் நிற்பார். கோப்பின் வீதத்தையும் ஆடியோ செட்டிங்கின் வீதத்தையும் ஒப்பிட்டு, ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றுங்கள்.

கே: காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பத்து நிமிடம் பதிவு செய்து ஒரு அரேயில், அதாவது மாதிரிகளை வரிசையாக வைக்கும் பட்டியலில், ஏற்றினேன். தொடக்கத்தில் தெளிவாக இருக்கிறது. போகப் போகக் குரல்கள் கரடுமுரடாகின்றன. பதிவில் அந்தக் குறை இல்லை.

ப: மிக நல்ல கேள்வி; இதைக் கேட்டவர் தம் காதை நம்பியதற்காகவே பாராட்டலாம். பியூர் டேட்டாவில் எண்கள் பொதுவாக 32 பிட்டில் இருக்கின்றன. அதில் துல்லியத்துக்கு 24 பிட் மட்டுமே உண்டு; எண் பெரிதாகப் பெரிதாகப் பின்னப் பகுதிக்கு இடம் குறைகிறது. அரேயை வாசிக்கும் டேப்ரீட்4~ இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் உள்ள மதிப்பைப் பின்னத்தைக் கொண்டுதான் கணக்கிடுகிறது. 44,100 ஹெர்ட்ஸில் 24ஆவது நொடியைத் தாண்டும்போது இடஎண் பத்து லட்சத்தைக் கடந்துவிடும். அங்கே எட்டில் ஒரு பங்குக்கு மேல் நுணுக்கமாகப் பின்னம் சொல்ல முடியாது. 1,67,77,216ஆவது மாதிரிக்குப் பிறகு, அதாவது 6 நிமிடம் 20 நொடிக்குப் பிறகு, பின்னம் மட்டுமல்ல, ஒற்றைப்படை எண்களே கிடையாது. ஒன்றுவிட்டு ஒரு மாதிரியைத்தான் தொட முடியும்.

வேகத்தை மாற்றாமல் ஓட்டினால் போதும் என்றால், வட்டிலிருந்து நேரே வாசிக்கும் ரீட்எஸ்எஃப்~ பயன்படுத்துங்கள். நீளம் அதற்கு ஒரு பொருட்டல்ல. இழுத்தும் குறுக்கியும் விளையாட வேண்டுமென்றால், டேப்ரீட்4~ ஆப்ஜெக்டின் வலது இன்லெட்டில் தொடக்க இடத்தைத் தனியாகக் கொடுத்து, இடது இன்லெட்டில் சிறிய எண்களை மட்டும் ஓடவிடுங்கள். அந்த இன்லெட் இதற்காகவே இருக்கிறது.

கே: தம்புரா பேட்ச் செய்தேன். தனியாகக் கேட்டால் இனிமையாக இருக்கிறது. சுருதிப் பெட்டியோடு வைத்தால் அலைகிறது. அதிர்வெண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

ப: கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம்: ஒரு துளி இரைச்சலை டெல்ரைட்~ மூலம் தாமதக் கோட்டில் எழுதி, ஒரு சுற்றுக்குரிய நேரம் கழித்து வாசித்து, அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளின் சராசரியை எடுத்துச் சற்றே குறைத்து மீண்டும் அதே கோட்டில் எழுதுவது. தந்தி மீட்டியதுபோலவே ஒலித்து மெல்ல அடங்கும்.

கணக்கை ஒரு தந்திக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டைச் சுருதியில் ஸட்ஜம் 261.63 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44,100ஐ அதனால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 168.56 மாதிரி. டெல்ரீட்~ முழு மாதிரிகளில்தான் வாசிக்கும். அது 169 என்று முழுமையாக்கிவிடும். சராசரி எடுப்பதால் இன்னும் அரை மாதிரி தாமதம் சேர்ந்து 169.5 ஆகிறது. 44,100ஐ 169.5ஆல் வகுத்தால் 260.18 ஹெர்ட்ஸ். கேட்ட ஸட்ஜத்துக்கும் வந்த ஸட்ஜத்துக்கும் வேறுபாடு 1.45 ஹெர்ட்ஸ், இரண்டையும் சேர்த்து ஒலித்தால் இரண்டு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை அலை எழுந்து தாழும். எங்கள் பாட்டு டீச்சர் பேட்சைப் பார்க்காமலேயே, “ஸட்ஜம் ஒரு நூல் கீழே நிற்கிறதப்பா” என்று சொன்னது இந்த ஒன்றரை ஹெர்ட்ஸ் கணக்கைத்தான்.

டெல்ரீட்~ இருந்த இடத்தில் டெல்ரீட்4~ வையுங்கள். பழைய பேட்ச்களில் இதற்கு விடி~ என்று பெயர். அது மாதிரிகளுக்கு நடுவிலும் வாசிக்கும். தாமத நேரத்திலிருந்து அரை மாதிரியை, அதாவது 0.0113 மில்லிநொடியை, கழித்துக் கொடுங்கள். சராசரிக்குப் பதில் லாப்~ வடிகட்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்த அரை மாதிரிக் கணக்கு பொருந்தாது. காதால்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

மேலே போகப் போக இன்னொரு சுவர் எதிர்ப்படும். சுற்றாக எழுதி வாசிக்கும்போது தாமதம் ஒரு கட்டுக்குக் கீழே, அதாவது 64 மாதிரிக்குக் கீழே, போகாது. ஆகவே 689 ஹெர்ட்ஸுக்கு மேல் எவ்வளவு கேட்டாலும் தந்தி ஏறாது. தம்புராவுக்கு அந்த உயரம் தேவையில்லை. வீணையின் மேல் ஸ்தாயியைச் செய்பவர்கள், எழுதுவதையும் வாசிப்பதையும் ஒரே துணைப் பேட்சுக்குள் வைத்து, உள்ளே பிளாக்~ 1 என்று இடுங்கள். கணினி கொஞ்சம் மூச்சு வாங்கும்.

தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலின் இழைவு இதில் வராது. தந்தியைத் தாங்கும் குதிரையில் தந்தி உரசி உரசி எழும் அந்த ஒலிக்கு இந்தச் சுற்றுக்குள் வேறு ஏற்பாடு வேண்டும். அதில் நாங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

கே: டோலக் அடியைக் கொண்டு பேட்சை இயக்க வேண்டும். ஒரு அடிக்கு இரண்டு மூன்று முறை இயங்குகிறது.

ப: அடிகளைக் கண்டறிய பாங்க்~ என்ற ஆப்ஜெக்ட் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. டோலக்கின் கனத்த பக்கம் அடித்த பிறகும் உள்ளங்கை அழுத்தத்தில் ஒலி வழுக்கி ஏறும் என்பதால், அதை இன்னொரு அடி என்று அது எண்ணிவிடுகிறது. அதன் கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் உயர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், ஓர் அடி வந்ததும் 50 மில்லிநொடிக்கு வாசலை மூடிவைக்கும்படி, செய்தியை விடவும் தடுக்கவும் செய்யும் ஸ்பிகாட், தாமதப்படுத்தும் டிலே இரண்டையும் கொண்டு சிறிய தடுப்புக் கட்டுங்கள். வாசிப்பவர் வேகக்காரர் என்றால் 50ஐக் குறைக்க வேண்டியிருக்கும். மைக்கை மெல்லிய பக்கத்துக்கு அருகில் வைப்பது எல்லாத் தந்திரத்தையும்விட அதிகமாக உதவும்.

கே: வீட்டில் சுத்தமாக இருந்த ஒலி, தெருவில் மேடையில் இணைத்ததும் ம்ம்ம் என்று முனகுகிறது.

ப: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த முனகல் 50, 100, 150 என்று அடுக்காக வரும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால், கணினியும் மைக் செட்டும் இரண்டு வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, ஒலி ஒயர் வழியாகச் சுற்று உண்டாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே மின்பலகையிலிருந்து எடுங்கள், அல்லது நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை வையுங்கள். முப்பின் பிளக்கின் எர்த் பின்னை முறித்துவிட்டால் முனகல் நிற்கும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புக் கம்பி மேடையில், மழை ஈரத்தில், கையில் மைக்கோடு நிற்பவரின் உயிரோடு விளையாடும் வேலை அது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

பேட்சுக்குள் செய்யக்கூடியது குறைவு. தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் வடிகட்டியான ஹிப்~ 100 என்பதை மூன்று முறை அடுக்கினால் 50 ஹெர்ட்ஸ் சுமார் 21 டெசிபல் இறங்கும். ஆனால் 100உம் 150உம் பெரும்பாலும் தங்கிவிடும், ஆண் குரலின் அடிப்பகுதியும் மெலியும். ஒயரில் தீர்க்க வேண்டியதை வடிகட்டியில் தீர்க்க முயல்வது இரண்டாந்தர வழி.

கே: இறக்கிய பேட்சைத் திறந்தால் பெட்டிகளைச் சுற்றிப் புள்ளிக்கோடும் சிவப்பு எழுத்துப் பிழைச்செய்திகளும் வருகின்றன.

ப: அந்தப் பெட்டியில் உள்ள பெயரில் ஆப்ஜெக்ட் எதுவும் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். பழைய பேட்ச்கள் பல, 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத பிடி எக்ஸ்டெண்டட் என்ற பதிப்புக்காக எழுதப்பட்டவை. அதில் நூலகங்கள் கூடவே வந்தன. இப்போதைய பதிப்பில் ஹெல்ப் அல்லது டூல்ஸ் மெனுவில், வெளி ஆப்ஜெக்ட்களைத் தேடும் சாளரம் ஒன்று இருக்கிறது. அங்கே பெயரைத் தேடி இறக்கி, பேட்சில் டிக்ளேர் மூலம் நூலகத்தைக் குறிப்பிடுங்கள். எழுத்துப் பிழையும் இதே செய்தியைத்தான் தரும் என்பதால், இறக்குவதற்கு முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

கே: ஒரே துணைப் பேட்சை நான்கு முறை வைத்தேன். ஒன்றின் ஸ்லைடரை அசைத்தால் நான்கும் மாறுகின்றன.

ப: கம்பியில்லாமல் செய்தி அனுப்ப உள்ளே வைத்த பெயர்கள், அதாவது அனுப்பும் பெயர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டன. பெயரின் முன்னால் $0 சேர்த்து, இடையில் ஒரு கோடு இட்டு எழுதுங்கள். துணைப் பேட்சைத் தனிக் கோப்பாகச் சேமித்து அழைத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கிடைக்கும். மெசேஜ் பெட்டிக்குள் மட்டும் $0 இப்படி வேலை செய்யாது. அங்கே வெறும் 0தான் வரும். ஆப்ஜெக்ட் பெட்டியில் $0ஐ எண்ணாகப் பெற்று, மெசேஜுக்கு $1 ஆக அனுப்ப வேண்டும்.

கே: பேட்சை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது? உதவி கேட்டு அனுப்பினால் யாரும் பதில் தருவதில்லை.

ப: திரையைப் படம் பிடித்து அனுப்பினால் பதில் வராது, வந்தாலும் ஊகமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன இழுத்த வரிசை, மாதிரி வீதம், நூலகம் எதுவும் படத்தில் தெரிவதில்லை. கோப்பை அனுப்புங்கள். பேட்ச் கோப்பு வெறும் உரைதான் என்பதால் அதை அப்படியே செய்திப் பெட்டியில் ஒட்டுபவர்கள் உண்டு, அதைத் தவிர்க்கவும். அலைபேசிச் செய்தியில் * குறி எழுத்தைத் தடிப்பாக்கவும் ~ குறி எழுத்தின் மேல் கோடு இழுக்கவும் பயன்படுகிறது. ஒலி ஆப்ஜெக்ட்களின் பெயரிலோ இவை இரண்டும்தான் நிறைந்திருக்கின்றன. இணைப்பாக அனுப்பினால் இந்த வம்பு இல்லை.

பேட்சும் அது பயன்படுத்தும் ஒலிக் கோப்புகளும் துணைப் பேட்ச்களும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். கோப்புகளைப் பெயரால் மட்டும் அழையுங்கள், உங்கள் கணினியின் முழுப் பாதையை எழுதாதீர்கள். கோப்புறையை வேறோர் இடத்துக்கு நகர்த்தித் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினால், விட்டுப்போனது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உதவி கேட்பதானால், இருநூறு பெட்டி உள்ள முழுப் பேட்சையும் அனுப்பாமல், பழுது மட்டும் தெரியும் அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள். அப்படி வெட்டிக்கொண்டு வரும்போது பாதி வழியில் பழுது தானாகவே அகப்பட்டு, அனுப்பாமலே விட்ட கடிதங்கள் என்னிடம் பல உண்டு. பதிப்பு எண், இயங்குதளம், மாதிரி வீதம், பிழைச்செய்தியின் சொற்கள் ஆகியவற்றை மாற்றாமல் எழுதுங்கள். “சரியாக வரவில்லை” என்பதற்குப் பதில், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

கே: குறிப்புகளைப் பேட்சுக்குள் தமிழிலேயே எழுதலாமா?

ப: எழுதலாம், நாங்கள் எழுதுகிறோம். சில கணினிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், வரி மடியும் இடமும் பிசகும். சேமித்துத் திறந்தால் எழுத்து கெடுவதில்லை. கோப்புப் பெயர்களையும் அனுப்பும் பெயர்களையும் மட்டும், எந்தக் கணினிக்குப் போனாலும் திறக்கும்படி, இடைவெளியில்லாத ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ட்ரிகர் பக்கத்திலும் எது முதலில் போக வேண்டும், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆஸ்க்~ பக்கத்தில் “இது ஒலி உண்டாக்கும்” என்று எழுத வேண்டியதில்லை.